கல்லாச் சாவி யாரிடம்? – ஏஐ ஏஜென்ட்டுகள் நடத்தும் இணைய விளம்பரம்

(சாம்பியன் ரீப்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைப்பேசியில் ‘கேஜிஎஃப்’ என்று தட்டித் தேடிப் பாருங்கள். முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் நம் ஊரான கோலார் தங்கவயலாக இருக்காது; யஷ் நடித்த கன்னடப் படமாக இருக்கும். முதல் பாகம் 2018 டிசம்பரில் வந்தது, இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலில். ஜான் டெய்லர் கம்பெனி காலம் தொட்டு 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும்வரை எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த ஊர், தேடுபொறியில் ஒரு சினிமாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஊர்ப்பெருமை பேசுகிறவர்களுக்கு இது மனக்குறை. ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கிறவருக்கோ கைக்காசு போகிற விஷயம். நான் பேச வந்தது இணைய விளம்பரத்தை நமக்காக நடத்தித் தரும் ஏஐ ஏஜென்ட்டுகளைப் பற்றி. அவை எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதை இந்தக் கைக்காசு போகும் கதையிலிருந்தே பார்க்கலாம்.

ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளவுஸ் தைப்பார், ஆரி ஒர்க் செய்து கொடுப்பார். முகூர்த்த மாதங்களில் கூடுதலாக ஆள் வைத்து இரவு வரை வேலை ஓடும்; ஆடியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கூகுளில் நாளைக்கு ₹200 என்று விளம்பரம் போடுகிறார். ‘ஆரி ஒர்க்’, ‘பிளவுஸ் தையல்’, ‘கேஜிஎஃப் டெய்லர்’ என்று சில தேடுசொற்களைக் கொடுக்கிறார். சொல் எந்த அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று தனியாகச் சொல்லாவிட்டால், கூகுள் அதை அகலமாகவே எடுத்துக்கொள்ளும். கொடுத்த சொல்லுக்கு உறவு என்று அதற்குத் தோன்றுகிற தேடல்களுக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டும். படத்தில் நாயகன் ராக்கி போட்டுவரும் கோட் எங்கே தைப்பார்கள் என்று ஹூப்ளியில் ஒரு பையன் தேடினால், அக்காவின் விளம்பரம் அங்கே போய் நிற்க வாய்ப்பு உண்டு. பையன் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். தொட்டதற்குக் காசு அக்காவுடையது.

கோலார் மாவட்டத்துக்கு மட்டும் என்று கொடுத்த விளம்பரம் ஹூப்ளிக்கு ஏன் போகிறது? இடத்தைக் கேட்கிற பக்கத்திலேயே, கொஞ்சம் விரித்துப் பார்த்தால்தான் தெரிகிற இன்னொரு தேர்வு இருக்கிறது. அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுவதா, அந்த ஊரில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் சேர்த்துக் காட்டுவதா என்பது அது. முன்கூட்டியே தேர்ந்து வைத்திருப்பது இரண்டாவதை. கொடைக்கானலில் ஓட்டல் நடத்துகிறவருக்கு அது சரி. சென்னையில் உட்கார்ந்து தேடுகிறவர்தான் அவருடைய வாடிக்கையாளர். தங்கவயலில் ஆர்வம் உள்ளவர் யார் என்று ஓர் இயந்திரத்தைக் கேட்டால், படம் பார்த்தவர்களையெல்லாம் அது சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது ரகசியக் கலை ஒன்றும் இல்லை. எந்தெந்தத் தேடலுக்குக் காசு போனது என்று ஓர் அறிக்கை இருக்கிறது. அதைப் பார்த்து, படம், பாட்டு, டிரெய்லர், யஷ், ராக்கி என்று விலக்குச் சொற்களைச் சேர்க்க வேண்டும். இடத் தேர்வை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். கையில் ஆரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு அதற்கு நேரம் ஏது? ஏஜென்சியிடம் கொடுக்கலாம் என்றால், மாதம் ₹6,000 செலவுக்கு விளம்பர உலகின் பழைய பதினைந்து சதவீதக் கமிஷன் ₹900 ஆகிறது. ₹900க்காக பெங்களூரில் எந்த ஏஜென்சியும் கம்ப்யூட்டரைத் திறக்காது. ஆகவே சிறு கடைக்காரர் இத்தனை காலமும் கவனிப்பார் இல்லாமலேயே விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஏஐ ஏஜென்ட் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி தருகிற ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு கூகுள் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்ற கடையைத் திறந்தது. தொடக்க ஆண்டுகளில் சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் ஏல விலையைக் குறிப்பதும் மனிதர் கையில் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் போயின. ஏல விலையை இயந்திரமே குறிக்கும் முறைகள் 2016இல் ‘ஸ்மார்ட் பிட்டிங்’ என்ற பெயர் பெற்றன. 2021இல் வந்த ‘பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்’ எந்த இடத்தில் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பதையும் எடுத்துக்கொண்டது. மெட்டா ‘அட்வான்டேஜ் பிளஸ்’ கொண்டுவந்தது. 2026 முடிவதற்குள் விளம்பரத்தைத் தயாரிப்பதிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது வரை முழுவதையும் தானியங்கியாக்க மெட்டா திட்டமிடுவதாக 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

இவையெல்லாம் வசதிதான். ஆனால் விளம்பர இடத்தை விற்கிறவரே வாங்குகிறவருக்காகவும் விலை பேசுகிறார் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையின் இரண்டு பகுதிகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்பளித்தது. அது வலைத்தளங்களில் வரும் விளம்பரம் பற்றிய வழக்கு, தேடல் விளம்பரம் பற்றியதல்ல. இருந்தாலும் ஏலம் விடுகிறவரும் ஏலம் கேட்கிறவருடைய ஆளும் ஒருவராக இருப்பதில் உள்ள சங்கடம் இரண்டிலும் உண்டு.

இப்போது வந்திருப்பது வேறு வகை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்சிபி, என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் மொழி மாதிரி, தனக்கு வெளியே இருக்கிற மென்பொருள்களோடு பேசுவதற்கு ஒரு பொது வாசல் அது. 2025 ஜூலையில் நம் ஜோஹோவும் தன் ஜியா ஏஜென்ட்டுகளோடு இந்த வாசலைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் விளம்பரக் கணக்குகளுக்கு ஓர் எம்சிபி சர்வரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதில் ஒரு நிதானம் தெரிந்தது: வெளியிட்டபோது அது படிப்பதற்கு மட்டும்; கணக்கில் எதையும் மாற்ற அதனால் முடியாது. வெளியார் செய்து தரும் கருவிகள் பலவற்றில் அந்த நிதானம் இல்லை. விளம்பரத்தை நிறுத்த, தொடங்க, பட்ஜெட்டைக் கூட்ட, புதிய வாசகம் எழுதிப் போட என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வருகின்றன. ‘அலோ’ (Allow) என்ற பொத்தானை யாரும் படித்துவிட்டு அழுத்துவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பழைய இயந்திரம் விற்பவருடையது. இந்தப் புதிய ஏஜென்ட் வாங்குகிறவருடைய பக்கத்தில் உட்காருகிறது. கூகுள் கணக்கையும் மெட்டா கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும். ‘இந்த இடத் தேர்வை மாற்றுங்கள், உங்கள் காசு வெளியூருக்குப் போகிறது’ என்று சொல்லும். அப்படிச் சொல்வதில் விற்பவருக்கு லாபமில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அக்கா தன் பேச்சிலேயே தட்டுகிறார்: “போன வாரம் எவ்வளவு போச்சு, எதுக்குப் போச்சு?” ஏஜென்ட் அதைக் கூகுள் விளம்பரக் கணக்குக்குரிய வினவல் மொழிக்கு மாற்றுகிறது. ஏழு நாளுக்கான தேடல்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை க்ளிக், எவ்வளவு செலவு, பெரிய செலவு மேலே என்று கேட்கிறது. வரும் பதிலில் தொகை ரூபாயில் இருக்காது. ‘மைக்ரோ’ என்ற அலகில் இருக்கும். ஒரு ரூபாய்க்குப் பத்து லட்சம் மைக்ரோ. அக்காவின் ₹200 அங்கே 20 கோடி: இரண்டுக்குப் பின்னால் எட்டு சைபர். ஏஜென்ட் அதை வகுத்து, ரூபாயாக்கி, “சினிமா சம்பந்தமான தேடலுக்கு இவ்வளவு போயிருக்கிறது, இந்த ஆறு சொற்களை விலக்கட்டுமா?” என்று திரும்பக் கேட்கிறது. அரை நிமிடம் ஆகாது. பெங்களூரில் ஒரு ஜூனியர் பையன் திங்கட்கிழமை காலை முழுவதும் எக்செல்லில் செய்கிற வேலை.

இதுவரை படிக்கிற வேலை. எழுதுகிற வேலைக்கு வந்தால் அதே எட்டு சைபர் வேறு முகம் காட்டும். ஒரு சைபர் கூடினால் நாளைக்கு ₹2,000. அதுவும் அதோடு நிற்காது. கூகுளில் நாம் குறிப்பது சராசரி நாள் பட்ஜெட். ஒரு குறிப்பிட்ட நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வரை செலவாகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது என்பதுதான் விதி. ஆக ₹200 வைத்தவருக்கு ஒரு நாளில் ₹400 போகலாம், மாதம் ₹6,080 வரை. தவறி ₹2,000 ஆனவருக்கு ஒரே நாளில் ₹4,000. காலையில் ஏற்றிவிட்டு மதியம் இறக்கினாலும், அன்றைக்கு வைத்ததிலேயே பெரிய தொகையை வைத்துத்தான் அந்த நாளின் வரம்பு. இறக்கிவிட்டோமே என்ற நிம்மதி மறுநாள்தான் பலிக்கும்.

மாற்றத்தை உண்மையில் செய்யாமல், செய்தால் செல்லுமா என்று மட்டும் சரிபார்த்துச் சொல்ல கூகுளின் நிரல் வாசலில் (ஏபிஐ) வசதி உண்டு. நல்ல கருவி முதலில் அப்படி அனுப்பிப் பார்த்து, பழைய தொகை இது, புதிய தொகை இது என்று ரூபாயில் காட்டி, மனிதர் ‘சரி’ சொன்ன பிறகே மாற்றும். கருவி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. எத்தனை அழகாகத் தமிழ் பேசுகிறது என்பதல்ல.

ஆனால் ‘சரி’ சொல்லும் பழக்கம் எவ்வளவு நாள் தாங்கும்? பத்து முறை சரியாக இருந்தால் பதினோராவது முறை பார்க்காமலே சரி சொல்வோம். ஆகவே கருவியையும் நம்பாமல், நம் கவனத்தையும் நம்பாமல் ஒரு தடுப்பு வேண்டும். இந்த மண்ணில் அதைப் புரியவைக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. சுரங்க ஷாப்டில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் கூண்டுதான் கேஜ்; அதை இயக்கும் வைண்டிங் இன்ஜினை ஓட்டுகிறவருக்கு அது கண்ணில் படாது. மணியையும் ஆழம் காட்டும் முள்ளையும் நம்பித்தான் ஓட்டுவார். சரக்கு ஏறினால் ஒரு மணி, ஆள் ஏறினால் வேறு மணி. அதற்கு மேலும் ஒன்று உண்டு: கேஜ் மேலே நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டினால் தானாகவே விசையை வெட்டிப் பிரேக் போடும் அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது சுரங்க விதி. இன்ஜின் டிரைவர் முப்பது வருஷ அனுபவக்காரரா, அன்றைக்குத் தலைசுற்றலா என்று அந்த அமைப்பு பார்ப்பதில்லை. அவர் கைக்கு எட்டுகிற இடத்திலும் அது இல்லை.

விளம்பரக் கணக்கில் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது? ஏஜென்ட்டிடம் “₹200க்கு மேல் போகாதே” என்று எழுதி வைப்பது அந்த அமைப்பு ஆகாது. அது டிரைவருக்குச் சொன்ன புத்திமதி. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் என்ற நிரல் எழுதும் ஏஜென்ட்டிடம் எதையும் மாற்றக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், அது நடப்பிலிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. சொன்னது அதற்குத் தெரியாமல் இல்லை. தடுக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கடைக்காரருக்கு எளிதான தடுப்பு ஒன்று இருக்கிறது. இந்தியாவில் கூகுள் விளம்பரக் கணக்கில் முன்பணம் கட்டி நடத்தும் முறை உண்டு, யுபிஐயிலேயே கட்டலாம். ₹1,500 கட்டினால், அது தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும். கிரெடிட் கார்டைக் கணக்கோடு கட்டிவைத்துவிட்டு ஏஜென்ட்டுக்கு வாசலைத் திறந்துவிடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது தடுப்பு, கணக்கில் படிக்க மட்டும் அனுமதியுள்ள பயனர் ஒன்றைத் தனியாக உருவாக்கி அதன் வழியாக ஏஜென்ட்டை உள்ளே விடுவது. பில் கட்டும் அனுமதியும் நிர்வாகி அனுமதியும் கடைக்காரரிடமே இருக்கட்டும். கல்லாச் சாவி என்று நான் தலைப்பில் சொன்னது இதைத்தான்.

வெளியிலிருந்து வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. ஏஜென்ட் தன் வேலைக்காகப் பிறருடைய பக்கங்களையும், வாடிக்கையாளர் விமர்சனங்களையும், மின்னஞ்சல்களையும் படிக்கும். அவற்றில் யாராவது “இதைப் படிக்கும் ஏஜென்ட் பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கவும்” என்று மனிதர் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் எழுதி வைத்தால், படிக்க வேண்டிய செய்தி எது, கீழ்ப்படிய வேண்டிய கட்டளை எது என்று மொழி மாதிரிகளால் இன்னும் உறுதியாகப் பிரித்தறிய முடிவதில்லை. மொழி மாதிரிப் பயன்பாடுகளின் ஆபத்துகளுக்கு மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். போட்டிக் கடைக்காரர் இந்த அளவுக்குப் போவாரா என்று கேட்பீர்கள். நம் ஊர் எம்.ஜி. மார்க்கெட்டில் தொழில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சரி, காசு பத்திரம். கடைக்கு ஆள் வருகிறதா? எனக்கு இதுதான் பெரிய விஷயம். தடுப்புகளை ஒரு பொறியாளர் ஒரு மதியத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஆந்த்ரோபிக் நிறுவனமே ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 2025 ஜூனில் ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டது. ஆண்டன் லேப்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, தங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னஞ்சிறு கடையை ஏஐ ஏஜென்ட் கையில் ஒப்படைத்தார்கள். என்ன வாங்குவது, என்ன விலைக்கு விற்பது எல்லாம் அதன் பொறுப்பு. யாரோ விளையாட்டாக டங்ஸ்டன் உலோகக் கட்டி கேட்க, அதை வாங்கிக் குவித்து அடக்கவிலைக்கும் கீழே விற்றது. கேட்டவர்களுக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்தது. இல்லாத ஒரு கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னது. ஒரு கட்டத்தில் தான் நீலக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்து நேரில் வந்து பொருள் தருவதாகச் சொன்னது. கடை நஷ்டத்தில் முடிந்தது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாதிரிகள் நிறைய முன்னேறியிருக்கின்றன. அந்தக் கடையில் ஏஜென்ட் தனித்தனி வேலைகளை நன்றாகவே செய்தது. சப்ளையரைக் கண்டுபிடித்தது, பேசியது. வியாபாரம் என்றால் என்ன என்பது மட்டும் அதன் கையில் சிக்கவில்லை. எதிரே நிற்கிறவரைத் திருப்தியாக அனுப்புவதே வேலை என்று இருந்துவிட்டது.

விளம்பர ஏஜென்ட்டுக்கு எதிரே நிற்பது ஓர் எண். ‘கன்வெர்ஷன்’ என்று சொல்வார்கள். விளம்பரத்தால் விளைந்த பலன் என்று பொருள். இணையத்தில் விற்கிற கம்பெனிக்கு அது சுலபம், பணம் கட்டினால் பலன். நம் ஊரில்? விளம்பரத்திலிருந்து வந்த போன் அழைப்பைப் பலனாக எண்ணலாம். அறுபது விநாடிக்கு மேல் பேசினால் பலன் என்பது கூகுள் வழக்கமாக வைத்திருக்கிற அளவு. இப்போது அக்கா கடைக்கு வரும் அழைப்புகளைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

“அக்கா, கடை திறந்திருக்கா?”

“திறந்திருக்கு, வாம்மா.”

பத்து விநாடி. அந்தப் பெண் அரை மணியில் கல்யாணப் புடவையோடு வந்து மூன்று பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகிறாள். இன்னொரு போன்: ஆரி ஒர்க் கிளாஸ் எடுப்பீங்களா, எவ்வளவு, எத்தனை நாள், சர்டிபிகேட் உண்டா, என் தங்கச்சிக்கும் சேர்த்தால் குறைப்பீங்களா? ஏழு நிமிஷம். வரவே மாட்டார். இயந்திரத்தின் கணக்கில் முதல் அழைப்பு வீண், இரண்டாவது வெற்றி. ஏஜென்ட் நேர்மையாகத்தான் உழைக்கும். ஏழு நிமிஷம் பேசுகிற மாதிரி ஆட்களை மேலும் மேலும் தேடிப் பிடித்துக் கொடுக்கும். அறிக்கையில் கோடு ஏறும், கல்லா ஏறாது. கோளாறு எங்கே என்று கேட்டால், “பலன் 40 சதவீதம் கூடியிருக்கிறது” என்று உற்சாகமாக ஒரு பத்தி எழுதித் தரும்.

மொழியிலும் இதே கதை. தங்கவயல் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும், கைப்பேசியில் ஆங்கிலம். தேடும்போது தமிழை ரோமன் எழுத்தில் தட்டுகிறோம். ஏஜென்ட்டிடம் தமிழில் விளம்பரம் எழுதச் சொன்னால், ‘தரமான தையல் சேவைகளை அனுபவியுங்கள்’ என்று எழுதும். எந்த வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ‘நாளைக்கே பிளவுஸ் வேணுமா?’ என்று அக்கா சொன்னால் அதுதான் விளம்பரம். தலைப்புக்கு முப்பது குறிகள்தான் இடம் என்பது வேறு. ‘சாம்பியன் ரீப்ஸ்’ என்ற பெயரையே ஒருங்குறிக் கணக்கில் எண்ணினால், நடுவிலுள்ள இடைவெளியும் சேர்த்துப் பதினாறு குறி. பாதிக்கு மேல் ஊர்ப் பெயரே தின்றுவிட்டால் சரக்கு எங்கே? எதை வைத்து எதை விடுவது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்தான் வேண்டும். பதினைந்து தலைப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலையை வேண்டுமானால் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கலாம். அதில் அதற்கு அலுப்பே வராது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏஜென்ட் எழுதியது என்பது எங்கேயும் பதிலாகாது. 2024 பிப்ரவரியில் கனடாவில், ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான கட்டணச் சலுகையைச் சொன்ன வழக்கில், அதற்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. சாட்பாட் தனி ஆள் மாதிரி என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. இங்கே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ₹10 லட்சம் வரை அபராதம் போகலாம், மறுபடி செய்தால் ₹50 லட்சம். கோச்சிங் சென்டர்களுக்கென்று 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதலே வந்திருக்கிறது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், ‘நூறு சதவீத வேலை உறுதி’ போன்ற வாசகத்தை எழுத ஏஜென்ட்டுக்குக் கூச்சம் கிடையாது. இணையத்தில் அது படித்து வளர்ந்த விளம்பரங்கள் அப்படிப்பட்டவை.

இளைஞர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ ஊர்காமிலோ ரயிலேறி பெங்களூர் போய் வருகிறவர்கள். சுரங்கம் மூடியபின் இந்த ஊருக்குச் சோறு போட்டதில் அந்த ரயிலுக்குப் பெரிய பங்கு. பெங்களூரில் விளம்பரப் பின்னணி வேலை என்று ஓர் உலகமே இருக்கிறது: அறிக்கை தயாரிப்பது, ஏல விலையைத் திருத்துவது, பேனரை ஏற்றி இறக்குவது, நூறு விளம்பரங்களில் ஒரே தேதியை மாற்றுவது. படித்து முடித்து முதல் வேலையாக அதில் நுழைகிறவர்கள் உண்டு. நான் இப்போது காட்டிய அரை நிமிட வேலை அவர்களுடைய வேலைதான். இதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த முதல் படி தேய்கிறது. அந்தப் படியில் நின்று அறிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான், எந்த எண் பொய் சொல்கிறது என்ற கண் பழகியது. படி போனால் அந்தக் கண்ணை எங்கே பழக்குவது என்று தொழிலில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. ‘புதிய திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று மேடையில் சொல்வது சுலபம்.

என் மனதில் இருப்பது ஒரு கணக்கு. ₹900 கமிஷனுக்கு பெங்களூர் ஏஜென்சி வராது என்றேன். ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு, ஏஜென்ட் துணையோடு, இருபது கடைகளின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். மாதம் ₹18,000. பெரிய வருமானம் இல்லை. ரயிலும் இல்லை, வெளியூர்ச் சாப்பாடும் இல்லை. அந்த ஆளுக்கு ஏஜென்ட்டை விட ஒன்று கூடுதலாகத் தெரியும்: கேஜிஎஃப் என்றால் ஊர். எந்தத் தெருவில் எப்போது சம்பளம் வரும், பெமல் தொழிற்சாலை ஷிப்ட் எப்போது விடும், எந்தக் கோயில் திருவிழாவுக்கு முன்னால் பிளவுஸ் தையல் கூடும் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் வராது. இது எல்லோருக்கும் வழி என்று சொல்லவில்லை. இருபது கடைகள் விளம்பரம் போடத் தயாராக இருக்கிற ஊரில் ஒருவருக்கோ இருவருக்கோ வழி.

அப்படி யாராவது தொடங்கினால், ஏஜென்ட்டை இணைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும், “எங்கே பார்த்துட்டு வந்தீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். தேதி, போன் நம்பரின் கடைசி நான்கு எண், என்ன வேலை கொடுத்தார், எவ்வளவு பில். அவ்வளவு போதும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் படமெடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்து, போன் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எத்தனை விநாடி அழைப்பு காசாகிறது என்று அப்போதுதான் தெரியும். அறுபது விநாடி என்ற அளவை உங்கள் கடைக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். கடையில் நடந்த வியாபாரத்தை விளம்பரக் கணக்கில் பலனாகப் பதிவேற்றவும் கூகுளில் வழியிருக்கிறது. அதற்கு வாடிக்கையாளரின் முழு எண் வேண்டும், அவர் சம்மதமும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு மாதமும் ஏஜென்ட் படிக்கட்டும், சொல்லட்டும். கணக்கில் கை வைக்க வேண்டாம். இரண்டாம் மாதம் விலக்குச் சொற்களைச் சேர்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். பட்ஜெட்டை நான் அதன் கையில் கொடுக்க மாட்டேன், ஆறு மாதம் ஆனாலும்.